கிளிப்புகளைக் கழற்றிய மாதம்

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று பல்லுக்கு மேல் மாட்டும் கேப் மூன்று, கீழ்ப்பல் செட் ஒன்று. பல் செட்டுக்குப் பாலிஷ் போட்டு முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. நன்றாக வந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. வலது பக்கமாகவே மெல்லுகிறவர், அது மட்டும் அச்சைப் பார்த்தாலே தெரிகிறது. இந்தத் தொழிலில் எனக்கு வாய்களைத்தான் பழக்கம், முகங்களை இல்லை.

பிறகு கிளினிக் மேனேஜர் போன் செய்தாள். என் வேலையில் பாதிக்கு மேல் அந்தக் கிளினிக் கொடுப்பதுதான். அதனால் அந்த எண்ணைப் பார்த்தாலே கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அடுத்த வாரத்திலிருந்து காகிதச் சீட்டு கிடையாதாம். பல் அச்சு எப்போதும்போல் ஆள் மூலம் வரும். ஆனால் யாருக்கு, என்ன வேலை, எந்தத் தேதி என்பதெல்லாம் டேப்லட்டில்தான் வரும். ஒரு மாதம் பார்ப்பார்களாம். வேலை தாமதமானால், ஐந்து பேர் உட்கார்ந்து செய்கிற அந்தப் பெரிய லேபுக்கு மொத்தத்தையும் மாற்றிவிடச் சொல்லிவிட்டாராம் முதலாளி.

"நான் சொல்லலக்கா, மேல சொல்றாங்க" என்றாள். நல்ல பெண்தான்.

நான் ஒற்றை ஆள். லேப் என்று பெயர்ப்பலகை மாட்டியிருப்பது எங்கள் வீட்டு முன்னறை. சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஆகஸ்ட் 15, வியாழன்

டேப்லட் வந்துவிட்டது. மகள்தான் பிரித்தாள். கல்லூரியில் அவள் படிப்பது கணக்கு. ஆனால் எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைப்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல்.

வக்கீல் முதலில் என் கயிற்றின் மேல்தான் வழக்குப் போட்டாள். வேலை மேசைக்கு மேலே ஜன்னலிலிருந்து அலமாரி வரை ஒரு துணிக்கயிறு கட்டியிருக்கிறேன். அதில் துணிக்கு மாட்டும் கிளிப்புகள், ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு துண்டுச்சீட்டு. சிவப்பு கிளிப் இன்றைக்கு. மஞ்சள் இந்த வாரத்துக்கு. நீலம், டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொட வேண்டியது. பச்சை, வீட்டு வேலை. இவள் நடை பழகிய காலத்திலிருந்து இந்தக் கயிறுதான் எனக்கு மூளை. இதுவரை ஒரு பல் தவறியதில்லை.

கிளினிக் வேலை மட்டும் டேப்லட்டில் இருக்கட்டும், மற்றதெல்லாம் கயிற்றிலேயே இருக்கட்டும் என்று பார்த்தேன். "ரெண்டு இடத்துல வச்சா ரெண்டையும் கோட்டை விட்டுடுவ. எல்லாத்தையும் இதுல போடும்மா" என்றாள். அதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஆகஸ்ட் 17, சனி

கயிற்றை இறக்கினோம். நான் ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி வாசிக்க, வக்கீல் டேப்லட்டில் ஏற்றினாள். சீட்டில் நான் என்ன தேதி எழுதியிருக்கிறேனோ அதே தேதி. பல் வேலையெல்லாம் மளமளவென்று போய்விட்டது. பச்சையில்தான் மாட்டிக்கொண்டோம்.

"தையல் மெஷின் — விற்க அல்லது தைக்க." சீட்டு பழுத்துப் போயிருந்தது. எப்போது எழுதினேன் என்று கேட்டாள். அடுத்த சீட்டை எடுத்தேன். "அவருக்குக் கண் பரிசோதனை." இது போன வருடமும் இருந்ததே என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். கண்ணாடி வேண்டியிருக்குமோ என்கிற பயத்தில் அவரே அந்தச் சீட்டை ஒவ்வொரு முறையும் கயிற்றின் கோடிக்குத் தள்ளிவிடுவார் என்பது இன்றுதான் வெளியே வந்தது. ஆள் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கடைசியில் வக்கீல் ஒரு சட்டம் போட்டாள். செய்யப் போவதில்லை என்று மனதுக்குத் தெரிந்தவற்றைப் புது இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பச்சையில் பாதி குப்பைக்கூடைக்குப் போயிற்று. தையல் மெஷின் சீட்டைக் கிழிக்கும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது. கிழித்த பிறகு லேசாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கயிறு இல்லாத மேசை மொட்டையாக இருக்கிறது. பழக்கதோஷம், கை மேலே போய் மேலே போய்த் திரும்புகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எனக்கு இது பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று வக்கீலிடம் சொல்லப் போவதில்லை. வேலை முடிந்ததும் கட்டத்தைத் தொட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இன்று 'டீ குடிக்க' என்று ஒன்றை ஏற்றி, குடித்து, தொட்டேன்.

எங்கள் கிளினிக்கில் ஒரு டாக்டர் இருக்கிறார், சீட்டு தவறாமல் 'அவசரம்' என்று எழுதுவார். நான் அவருக்கு வைத்த பெயரே அவசர டாக்டர். டேப்லட்டில் அவசரத்துக்கு ஒரு சிவப்புக் கொடி இருக்கிறது. அவர் கண்ணில் அது படாமல் இருக்குமா? இன்று வந்த அவருடைய நாலு வேலையிலும் கொடி. எப்போதும்போல் போன் செய்து, இதில் எது நிஜமான அவசரம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

புதிதாக வரும் வேலைகளில் பல்லின் நிறம் பார்ப்பதற்காக முகத்தின் போட்டோவும் அனுப்புகிறார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

ஒரு பள்ளி ஆசிரியை. படியில் விழுந்து மேலே முன்பல் நாலு போய்விட்டது. போட்டோவுக்காக உதட்டைத் தூக்கிக் காட்டுகிறார். ஆனால் கண் கேமராவைப் பார்க்காமல் எங்கோ போகிறது. கீழே குறிப்பு: லீவு முடிந்து இரண்டாம் தேதி பள்ளிக்குப் போக வேண்டும், அதற்குள் வேண்டும்.

அச்சு எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்குப் பளிச்சென்று வெள்ளைப் பல் வைக்கக் கூடாது. லேசான மஞ்சள், ஓரம் கொஞ்சம் தேய்ந்த மாதிரி. ஒட்டவைத்தது என்று ஒரு குழந்தைக்கும் தெரியக் கூடாது.

29ஆம் தேதி என்று போட்டிருக்கிறது. நிறைய நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

எல்லாம் நேரத்துக்குப் போகிறது. ஒரு தாமதம் இல்லை. அவர் கண் பரிசோதனைக்குக்கூடப் போய்வந்துவிட்டார், டேப்லட் காலையும் மாலையும் அவரை விரட்டியதால். கண்ணாடி தேவையில்லையாம். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் 'இன்று' பக்கத்தைத் திறந்தேன். ஆசிரியையின் பல். சரி, நல்ல நாள், இதைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும் என்று அச்சை எடுத்து வைத்தேன், மெழுகைச் சூடு பண்ணினேன். எவ்வளவு ஒழுங்காக இருக்கிறேன் என்று என்மேலேயே ஒரு பெருமை.

அப்போது மேனேஜர் போன். "அக்கா, பீஸ் இன்னும் வரலியே. பேஷண்ட் சேர்ல உக்காந்திருக்காங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பீஸ் என்று கேட்டேன். மெழுகில் பல்லை அடுக்கி, வாயில் வைத்துப் பார்க்கிற நாள் இன்றைக்கு என்றாள். 29 என்றால் அங்கே போய்ச் சேர வேண்டிய நாள். நான் ஆரம்பிக்கிற நாள் என்று நினைத்துவிட்டேன்.

கடவுளே. இதுல என்ன புரியாம போச்சு எனக்கு? காகிதச் சீட்டு வரும்போது அதில் இருக்கிற தேதியிலிருந்து வேலைக்கு வேண்டிய நாளைக் கழித்துவிட்டு, நான் எடுக்க வேண்டிய நாளை என் கையால் எழுதித்தான் கிளிப்பில் மாட்டுவேன். கயிற்றில் தேதி என்றால் அது தொடங்குகிற தேதி. கயிற்றிலிருந்து ஏற்றியதெல்லாம் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் இத்தனை நாளும் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. கிளினிக் புதிதாக அனுப்பியதில் இருப்பது முடிக்கிற தேதி. நடுவில் கழிக்கிற ஆள் யாரு? நான்தானே? கழிக்கவே இல்லையே!

அந்த அம்மா ரெண்டு பஸ் மாறி வந்தாங்களாம். வாயைக் கைக்குட்டையால மூடிக்கிட்டே திரும்பிப் போனாங்களாம். மேனேஜர் சொன்னாள். திட்டவில்லை. இதைத் தாமதம் என்று எழுதித்தான் ஆகணும்க்கா என்று மட்டும் சொன்னாள்.

டேப்லட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாளைக்கு ஒன்று, திங்கள் இரண்டு, புதன் ஒன்று. எதையும் தொடவே இல்லை. வக்கீல் கல்லூரியிலிருந்து வந்து விஷயம் கேட்டதும் முகம் சுண்டிப் போய்விட்டாள். "நான் கேட்டிருக்கணும்மா, அந்தத் தேதி என்னன்னு." அவள் எங்கே கேட்பாள்? எனக்கே அது என்ன தேதி என்று இன்றுதானே தெரிந்தது. அவள் வாதாட வராததுதான் கஷ்டமாக இருந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது? மெழுகு சூடாகத்தான் இருந்தது. உட்கார்ந்து நாலு பல்லையும் அடுக்கினேன். நாளைக்குக் காலையில் நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்குப் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். வருவாரா தெரியாது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வந்தார்.

நான் கிளினிக் உள்ளறைக்குள் போனதே இல்லை. ஒரு மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவசர டாக்டர்தான் பார்த்தார். அந்த அம்மா போட்டோவில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். என்னைக் காட்டி இவங்கதான் உங்க பல்லைச் செய்யறவங்க என்று டாக்டர் சொன்னார். தாமதம் என்னால்தான், நேற்று உங்களை வீணாக அலைய வைத்துவிட்டேன் என்று எழுந்து சொன்னேன். கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து பரவாயில்லை என்று தலையாட்டினார்.

மெழுகுப் பல்லை வாயில் வைத்துவிட்டு டாக்டர், ஏதாவது பேசுங்கள், எது வேண்டுமானாலும், என்றார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தச் சின்ன உடம்பிலிருந்து எப்படி வந்ததோ அப்படி ஒரு குரல்:

"சத்தம் போடாதீங்க. எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸும் உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றவள் எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. அப்புறம்தான் சிரித்தோம், அந்த அம்மாவும் சிரித்தார், கையை வாய்க்குக் கொண்டுபோகாமல்.

'சத்தம்' சொல்லும்போது லேசாக ஒரு விசில் வந்தது. நடுப்பல் இரண்டும் ஒரு துளி முன்னால் நிற்கிறது என்று பட்டது. அங்கேயே மெழுகை இளக்கி உள்ளே தள்ளினேன். மறுபடி சொல்லச் சொன்னோம். விசில் போய்விட்டது. முன்னறையில் உட்கார்ந்து அச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

நாளைக்குச் சாயங்காலம் முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, சனி

கொடுத்தாயிற்று. நேற்றுப் போக வேண்டிய தன் கேப் ஒன்றை அவசர டாக்டர் நேற்றே புதன்கிழமைக்குத் தள்ளிக்கொண்டார், நான் கேட்டதும். சிவப்புக் கொடி போட்ட கேப்.

டீ குடிக்கும்போது வீட்டுக்காரரிடம் நடந்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை கேட்கிறார், பாவம். பஸ் டிப்போவில் கொடுக்கிற அட்டையில் இரண்டு நேரம் இருக்கும் என்றார். "கிளம்பற நேரம் ஒண்ணு, போய்ச் சேர்ற நேரம் ஒண்ணு. ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு எவனாவது வண்டி எடுப்பானா?"

இதைப் போன வாரமே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். நீ எங்கே கேட்டே என்றார்.

வக்கீல் உடனே டேப்லட்டை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு தேதி வருகிற மாதிரி மாற்றினாள். கிளினிக் போடுவது கறுப்பில், நான் தொடங்க வேண்டியது சிவப்பில். கேப்புக்கு இத்தனை நாள், முழு செட்டுக்கு இத்தனை நாள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனிமேல் அதுவே கழித்துக்கொள்ளும். மனசு லேசானது. வக்கீலும் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள், இந்த ஐடியா அப்பாவுடையதா தன்னுடையதா என்று.

செப்டம்பர் 2, திங்கள்

இன்று அந்த ஆசிரியை பள்ளிக்குப் போயிருப்பார். காலையிலிருந்து அதே நினைப்பு.

செப்டம்பர் 5, வியாழன்

விட்டுப்போன வேலை எல்லாம் முடிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. இன்றைக்கு டிங் சத்தம் கேட்டும் ஒரு சந்தோஷமும் இல்லை. ஒரு தாமதம் ஒரு தாமதம்தானே? அந்தப் பெரிய லேபுக்குப் போய்விட்டால் மாதத்தில் பாதி நாள் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

ஒரு மாதம் முடிந்தது. மேனேஜர் போன். கையைத் துடைக்கவும் மறந்து எடுத்தேன்.

போகவில்லை. வேலை என்னிடமே இருக்கிறது!

முதலாளி அந்தத் தாமதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அவசர டாக்டர்தான் எனக்காகப் பேசினாராம். "நான் எல்லாத்துக்கும் அவசரம்னு போடறேன். எது நெஜமா அவசரம்னு கேக்கற ஒரே ஆள் அவங்கதான். அவங்களையும் விட்டுட்டா நான் மாட்டிக்குவேன்." மேனேஜர் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இந்த மனிதரைத்தான் நான் இத்தனை வருடமாக வீட்டில் கேலி செய்கிறேன். பெயரை மட்டும் மாற்றப் போவதில்லை, பழகிவிட்டது.

அந்த ஆசிரியை கிளினிக்குக்கு வந்து, குழந்தைகள் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லச் சொன்னாராம். அதைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. போனில்தானே, யாருக்குத் தெரியும்?

அப்புறம் இன்னொன்று. அவர்களுடைய இன்னொரு கிளையின் வேலையையும் எனக்கே அனுப்பலாமா என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

தலைகால் புரியவில்லை. டேப்லட்டில் போட்டுப் பார்த்தேன், போன மாதக் கணக்குக்கு இன்னொரு கிளை சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. முடியாது என்று சொல்லவே இல்லை அது. தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போகிறது, ஞாயிற்றுக்கிழமையிலும் வைக்கிறது, முடிவே இல்லை.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, கயிறு இருந்தபோது அது அலமாரி வரை நிறைந்துவிட்டால் நான் போனையே எடுக்க மாட்டேன் என்றார்.

"அப்படியா பண்ணுவேன்?"

"குளிக்கிறேன்னு சொல்லச் சொல்லுவே. ஒரு நாளைக்கு மூணு வேளை குளிச்சிருக்கே."

நான் அதை ஒரு வேலைமுறை என்று நினைத்ததே இல்லை. கயிற்றில் இடம் இல்லை, அதனால் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான். டேப்லட்டுக்கு அலமாரி கிடையாது. போதும் என்று இனி நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்போலிருக்கிறது. அது எனக்கு வராத கலை.

செப்டம்பர் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அந்தக் கிளையிலிருந்து முன்பல் வேலை மட்டும் அனுப்புங்கள், போட்டோவோடு. மற்றதைப் பெரிய லேபுக்கே கொடுங்கள் என்றேன். மேனேஜர் கோபித்துக்கொள்வாளோ என்று பார்த்தால், ஒரு வாரத்துக்கு எத்தனை முடியும்க்கா, நானே அதுக்கு மேல அனுப்பாம பாத்துக்கறேன் என்றாள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, வக்கீல் ஒரு எண் சொல்லி, நான் ஒரு எண் சொல்லி, வழக்கம்போல் அவள் ஜெயித்தாள். அவள் சொன்னது என்னுடையதைவிடக் குறைவு.

செப்டம்பர் 20, வெள்ளி

முன்பல் இரண்டு. ஒருவர் போட்டோவில் முழு வாயும் தெரியச் சிரிக்கிறார், பல் இல்லாததைப் பற்றிக் கவலையே இல்லாமல். இவருக்கு எதற்குப் பல் என்றிருந்தது.

செப்டம்பர் 25, புதன்

காலையில் டேப்லட்டைத் திறந்தால் 'இன்று' பக்கம் வெறுமையாக இருந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான். நெட் இருந்தது. எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். கல்லூரிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வக்கீலைப் பிடித்து நிறுத்தினேன். வாங்கி இப்படித் தள்ளிப் பார்த்தாள், அப்படித் தள்ளிப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. எல்லாத்தையும் முடிச்சிட்ட. அடுத்தது நாளைக்குத்தான்."

அப்படியா என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். அவருக்கு இன்று லீவு. பேப்பரை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, வாங்க வெளியே போகலாம் என்றேன். எங்கே என்று கேட்டார். தெரியலீங்க என்றேன்.

முதலில் வந்த பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் எனக்கு. டிரைவர் பிரேக் போடுகிற விதம் சரியில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருக்கிறேன்; கடைசி நிறுத்தத்தில்தான் எழுப்பினார்.